மழை பெய்தால் பால்வெட்டு இல்லை

மூன்றாம் டிவிஷன் லயம்,
அசாம் ஜாவா.
9.11.1952

அன்புள்ள பியாட்ரிஸ் அக்காவுக்கு, சித்தப்பா மகள் ஃப்ளோரா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். சிங்கப்பூர்த் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஜெராமிலிருந்து கருவாட்டுடன் வந்திருந்தார். "நம்ம புள்ள யுனிவர்சிட்டில தர்க்கம் படிக்குதாம். இனிமே அதுகிட்ட யாரும் வாயக் குடுக்காதீங்க" என்றார். அப்பா, "அப்ப வக்கீலுக்கா?" என்று கேட்டார். பெரியப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அக்கா, தர்க்கம் என்றால் என்ன? அடுத்த வருஷம் நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுத வேண்டும். அதற்குமுன் சரியாக யோசிக்கக் கற்றுக்கொள்ள ஆசை. வகுப்பில் சொல்வதை எனக்கும் எழுதி அனுப்புவீர்களா?

இங்கே லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். காலையில் நான் பள்ளி லோரியில் ஏறும்போது கேட்டில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். காட்டில் ஒளிந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பருக்கைச் சோறுகூட வெளியே கொண்டுபோக விடுவதில்லை. பள்ளிக்கு எனக்கு ரொட்டிதான்.

எங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக நாகமணி அக்காவும் அர்ஜுனன் அண்ணனும் வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ரப்பர்ப் பால் மரம் வெட்டுபவர்கள். நடுவில் உள்ள பலகைச் சுவர் கூரைவரை போகாததால் அவர்கள் உப்புப் போதவில்லை என்று சொல்வதுகூட எங்களுக்குக் கேட்கும். நல்லவர்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அன்புத் தங்கை,
ஃப்ளோரா


பெண்கள் விடுதி,
சிங்கப்பூர்.
30.11.1952

பிரிய ஃப்ளோரா,

நான் நலம். சித்தப்பா சித்திக்கு என் வணக்கத்தைச் சொல். தண்ணீர் ஒத்துக்கொண்டது. சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

தர்க்கம் வக்கீலுக்கு இல்லை என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடு. எதிலிருந்து எது பிறக்கும் என்று பார்க்கும் படிப்பு அது. விரிவுரையாளர் கரும்பலகையில் இரண்டே எழுத்துகளைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசுவார். நாற்பது பேரில் நாங்கள் பெண்கள் நான்கு பேர். புரியாவிட்டாலும் கையைத் தூக்க எனக்குக் கூச்சம். உனக்குத் தமிழில் எழுதினால் எனக்கே புரியுமென்று நினைக்கிறேன்.

உனக்குத் தெரிந்த உதாரணமே சொல்கிறேன். "மழை பெய்தால் பால்வெட்டு இல்லை." இதில் முன்பாதி மழை, பின்பாதி பால்வெட்டு இல்லாதது. இன்று மழை பெய்கிறது. ஆகவே இன்று பால்வெட்டு இல்லை. இது ஒரு வழி. இன்று பால்வெட்டு இல்லை. ஆகவே மழை பெய்திருக்கிறது. இது மறு வழி. கதவு இரண்டு பக்கமும் திறக்கும். முன்பாதி பின்பாதியைக் காட்டும், பின்பாதி முன்பாதியைக் காட்டும். மனிதர்கள் சொல்லாததையும் இப்படிக் கண்டுபிடிக்கலாம்.

நீயும் நான்கைந்து செய்து அனுப்பு.

பியாட்ரிஸ்


அசாம் ஜாவா.
11.1.1953

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சுகம். புது வருஷம் உங்களுக்கு நன்மையாக அமையட்டும்.

உங்கள் பாடத்தை நோட்டில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து தர்க்கமாவது செய்கிறேன். எலி இருந்தால் கொறிக்கும் சத்தம் கேட்கும். சாயங்காலங்களில் சுவர்ப்பக்கம் கொறிக்கும் சத்தம் கேட்கிறது. ஆகவே எலி இருக்கிறது. அம்மாவிடம் இதை நிரூபித்தேன். "படிச்சவ சொல்றா, கேட்டுத்தான் ஆவணும்" என்று அம்மா கடையில் எலிப்பொறி வாங்கிக் கருவாட்டுத் துண்டு வைத்தார். இதுவரை ஒன்றும் விழவில்லை. "ஒன் எலி நல்லாப் படிச்ச எலி" என்கிறார்.

போன வாரம் ஒரு பெரிய காரியம் நடந்தது. செவ்வாய்க்கிழமை யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லி, போலீசார் வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். காட்டுக்கு யார் அரிசி கொடுக்கிறார்கள், தெரிந்ததை எழுது, பெயர் போடாதே என்று அச்சடித்திருந்தது. மறுநாள் பூட்டிய தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வரிசையாகப் போய் எல்லாரும் தாளை மடித்துப் போட வேண்டும். எழுதத் தெரியாத பதினோரு வீட்டுக்கு வரிசையில் வைத்தே நான்தான் எழுதினேன். பாதிப் பேர் "ஒண்ணும் தெரியாதுன்னு எழுது புள்ள" என்றார்கள். வள்ளியம்மா அக்கா, "கொழாயில ரெண்டு மாசமாத் தண்ணி வர்லன்னு எழுது. அவனாச்சும் பாக்கட்டும்லா" என்றார். எழுதினேன்.

எங்கள் தாளை வெறுமையாகப் போடச் சொன்னார் அப்பா. ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருப்பவர் அப்படிச் செய்யலாமா? நான் வெறுமையாகப் போடவில்லை. நீங்கள் சொன்ன கதவின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமை போடும் பங்கீட்டு அரிசி இரண்டே பேர் உள்ள வீட்டில் புதன்கிழமை தீர்ந்து, டின்னின் அடியில் அரிசி அளக்கும் பால்டின் உரசும் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம்? வாரா வாரம் கேட்டால்? யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், நீங்கள் பெருமைப்படுவீர்கள் என்று.

அன்புத் தங்கை,
ஃப்ளோரா


அசாம் ஜாவா.
7.2.1953

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

வியாழக்கிழமை காலை பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் அர்ஜுனன் அண்ணனையும் இன்னும் நான்கு பேரையும் போலீசார் லோரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். அவர் மரம் வெட்டும் உளியைக் கீழே வைக்க இடம் தேடினார். கடைசியில் அப்பாவின் கையில் கொடுத்தார். அது எங்கள் வீட்டு வாசலில் செருகியிருக்கிறது. அவர்களைத் தடுப்புக் கேம்பில் வைத்திருக்கிறார்களாம். கேஸ் இல்லாமலே வைக்கலாமாம். நாகமணி அக்காவுக்கு இது ஐந்தாம் மாதம்.

மழை உதாரணம் எப்போதும் பொருந்தும்தானே அக்கா? கேட்டுச் சொல்லுங்கள்.

ஃப்ளோரா


சிங்கப்பூர்.
9.2.1953

பிரிய ஃப்ளோரா,

நலமா? உன் ஜனவரிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவே இல்லை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுவதற்கும் வெட்கமாக இருக்கிறது.

தர்க்கத்தில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கினேன். விரிவுரையாளர் என் தாளை, பெயர் சொல்லாமல், வகுப்புக்குப் படித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்னுடையது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக.

நவம்பரில் உனக்கு எழுதியது தப்பு. கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை என்பது சரி. ஆனால் பால்வெட்டு இல்லை என்பதால் மழை பெய்தது என்று சொல்லவே முடியாது. தீபாவளியாக இருக்கலாம், தைப்பூசமாக இருக்கலாம், லயத்தில் ஒரு சாவு விழுந்திருக்கலாம். பின்பாதியைப் பார்த்து முன்பாதியை முடிவு செய்வதுதான் இந்தப் படிப்பிலேயே முதல் தப்பு என்றார் விரிவுரையாளர். அதைத்தான் உனக்குப் பாடமாக அனுப்பியிருக்கிறேன். உன் நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிடு. நல்லவேளை, எலிப்பொறியோடு போயிற்று.

பியாட்ரிஸ்


சிங்கப்பூர்.
8.3.1953

பிரிய ஃப்ளோரா,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன் பிப்ரவரிக் கடிதம் வந்ததும் ஜனவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். முன்பு படித்தபோது எலிவரைக்கும்தான் கவனமாகப் படித்திருக்கிறேன்.

அந்தத் தாளில் என்ன எழுதினாய்?

பியாட்ரிஸ்


அசாம் ஜாவா.
22.3.1953

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுத வேண்டும் என்று தெரியும். எழுத வரவில்லை, மன்னியுங்கள்.

தாளில் இப்படி எழுதினேன்: "காட்டுக்கு அரிசி கொடுப்பவர் வீட்டில் பங்கீட்டு அரிசி சீக்கிரம் தீரும். அர்ஜுனன் வீட்டில் இரண்டு பேர்தான், அரிசி புதன்கிழமை தீர்கிறது. ஆகவே அர்ஜுனன் காட்டுக்கு அரிசி கொடுக்கிறார்." மூன்று வரி. "ஆகவே" என்ற சொல்லின் கீழே கோடு போட்டேன். அது அழகாக இருந்தது.

தப்பு உங்கள்மேல் இல்லை. தைப்பூசத்துக்குப் பால்வெட்டு கிடையாது என்பது ஜெராமில் வளர்ந்த உங்களுக்கு யோசித்துத்தான் தெரிய வேண்டியிருந்தது. எனக்கு அப்படியில்லை. நான் வருஷா வருஷம் அந்த விடுமுறையில் வெயிலில் நின்று காவடி பார்த்தவள். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

நாகமணி அக்காவுக்கு எழுதத் தெரியாது. கேம்புக்குக் கடிதம் எழுத என்னிடம்தான் வருகிறார். இதுவரை நான்கு எழுதிவிட்டேன். போன வாரம் எழுதும்போது, "அத நிறுத்திட்டேன்னு எழுது. அவுங்களுக்குப் புரியும்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. அவரே, "நீ யார்ட்டயும் சொல்லமாட்டல்ல?" என்று சொல்லத் தொடங்கினார்.

அவர் வெறும் அரிசி தின்பவர் அக்கா. பன்னிரண்டு வயதிலிருந்து பழக்கம். ஒரு கை அள்ளி வாயில் போட்டால் நிறுத்த முடியாதாம். கர்ப்பத்தில் இன்னும் அதிகமாகிவிட்டது. சனிக்கிழமை போடும் அரிசியில் பாதி வேகாமலே போய்விடும். பிறகு இரண்டு பேரும் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டு வாரத்தை ஓட்டுவார்கள். அவர் கல்யாணத்தன்று நல்ல மழை. பால்வெட்டு இல்லாமல் தோட்டமே பந்தலுக்கு வந்துவிட்டதாம். "பொண்ணு அரிசி திங்கிறவ போல, அதான் இப்படி ஊத்துது" என்று பந்தல் முழுக்கச் சிரித்தார்களாம். அன்று இரவே புருஷனிடம் உண்மையைச் சொல்லி, யாரிடமும் சொல்வதில்லை என்று தாலியைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அரிசி எங்கே போயிற்று என்று போலீசார் எத்தனை முறை கேட்டாலும் அர்ஜுனன் அண்ணன் வாய் திறக்காமல் இருப்பது அதனால்தான்.

"நாஞ் சொல்லலாம்னா வெக்கமா இருக்கு புள்ள" என்றார். "எந்தப் பாவி எழுதிப் போட்டானோ" என்றும் சொன்னார். நான் பேனாவில் மை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

விசாரணை அதிகாரி அடுத்த மாதம் தோட்ட ஆபீசுக்கு வருகிறார். வீட்டார் மனு கொடுக்கலாம். அதையும் என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்.

ஃப்ளோரா


சிங்கப்பூர்.
27.3.1953

என் அன்பான ஃப்ளோரா,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ நிதானமாக யோசிக்க வேண்டும். உன் தாள் அர்ஜுனனைப் பிடிக்கக் காரணமாக இருந்தால் அவரைப் பிடித்திருப்பார்கள். அவரைப் பிடித்திருக்கிறார்கள். ஆகவே உன் தாள்தான் காரணம் என்று நீ முடிவு செய்கிறாய். இதுவும் அதே தப்புத்தான். எத்தனையோ வீட்டுத் தாள்கள் அந்தப் பெட்டியில் விழுந்தன. அவருக்கு வேண்டாதவர்கள் இருந்திருக்கலாம். மற்ற நான்கு பேரைப் பற்றி யார் எழுதினார்கள்? நீ இல்லையே. உன் தாளை யாரும் படிக்காமலே தூக்கிப் போட்டிருக்கலாம்.

மனுவை நன்றாக எழுதிக் கொடு. உன்னைப் பற்றி ஒன்றும் எழுதாதே. சித்தப்பா மண்டோர். அவர் மகள் பக்கத்து வீட்டைக் காட்டிக் கொடுத்தாள் என்று தெரிந்தால் அவர் யாரை வேலைக்கு ஏவ முடியும்?

இதை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பாடம் சொன்னவள் நான்.

பியாட்ரிஸ்


அசாம் ஜாவா.
3.5.1953

அன்புள்ள அக்காவுக்கு, வீட்டில் எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டேன். அதற்குமுன் மூன்று நாள் வைத்துப் படித்தேன். நீங்கள் சொன்னது சரி. என் தாள்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று சொன்னால் என்னை வெறுப்பீர்கள். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் நாகமணி அக்கா மனுத்தாளுடன் வந்து உட்கார்ந்தார். பெட்டியில் போட்ட தாளை நான்தான் எழுதினேன் என்பதற்கு நிரூபணம் ஒன்றும் தேவையில்லையே என்று தோன்றிற்று. சொல்லிவிட்டேன்.

அவர் மடியில் முறம் இருந்தது. கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. அந்த அரிசி முழுவதும் பொறுக்கி முடித்த பிறகுதான் பேசினார். "எழுதப் படிக்கத் தெரிஞ்ச புள்ள நீ. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. செவுத்துக்கு அந்தப் பக்கந்தான இருந்தேன்."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. "எழுது" என்றார். மனுவில் அவர் சொன்னதை எல்லாம் எழுதினேன். கீழே, தாளில் இருந்த மூன்று வரியையும் எழுதி, இதை எழுதியவள் நான், இது தப்பான தர்க்கம் என்று என் பெயரைப் போட்டேன். அப்பாவிடம் காட்டினேன். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "வெறுந்தாளப் போடுன்னுதான சொன்னேன்" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. ஆனால் ஆபீசுக்கு எங்களுடன் வந்தார், பத்தடி பின்னால்.

அதிகாரி வெள்ளைக்காரர். பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். அவர் மனுவைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அரைக் கோணி அரிசியக் கோழி மாதிரி கொத்தித் தின்னியாம்மா? தொரை நம்புவாரா?" என்றார். வெளியே பெரட்டு முடிந்து நின்ற ஆட்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். நான் ஆங்கிலத்தில் அதிகாரியிடம் நேராகச் சொல்லத் தொடங்கினேன். முன்பாதி, பின்பாதி எல்லாம் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாகமணி அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஒரு கை அரிசியை வாயில் போட்டு மென்றார். பிறகு இன்னொரு கை. கண்ணை மூடவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மென்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். அறையில் அந்தச் சத்தம் மட்டும் இருந்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் அக்கா. சாயங்காலங்களில் சுவர்ப்பக்கம் கேட்டது. அதற்குத்தான் நான் பொறி வைக்கச் சொன்னேன்.

"பார்க்கலாம்" என்றார் அதிகாரி. அவ்வளவுதான். வெளியே வந்ததும் அக்கா குழாயடியில் வாயைக் கொப்பளித்தார். தண்ணீர் வந்தது. வள்ளியம்மா அக்கா தாளில் எழுதச் சொன்ன அந்தக் குழாயை மட்டும் சரி செய்திருக்கிறார்கள்.

ஃப்ளோரா


சிங்கப்பூர்.
28.6.1953

பிரிய ஃப்ளோரா,

நீயும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உனக்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

தர்க்கத்தில் தேறிவிட்டேன். பரீட்சையில் அந்தத் தப்பை உதாரணத்துடன் விளக்கச் சொன்னார்கள். என் பேனா உன் மூன்று வரியைத்தான் எழுதப் போயிற்று. அடித்துவிட்டு மழை என்று எழுதினேன். முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. எப்படிச் சம்பாதித்த மதிப்பெண் என்று கேட்டால்?

குழந்தை பிறந்ததா? எழுது. திட்டியாவது எழுது.

பியாட்ரிஸ்


அசாம் ஜாவா.
16.8.1953

அன்புள்ள அக்காவுக்கு, ஃப்ளோரா எழுதுவது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. அப்பா என்னிடம் பேசத் தொடங்கிவிட்டார், "வெளக்கத் தூண்டு", "கதவச் சாத்து" என்கிற அளவுக்கு. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

நாகமணி அக்காவுக்கு ஜூன் பதினேழாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. கேம்புக்கு அந்தக் கடிதத்தை எழுத அவர் என்னிடம் வரவில்லை. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் புஷ்பவள்ளியிடம் போனார்.

அர்ஜுனன் அண்ணன் போன மாதக் கடைசியில் திரும்பி வந்தார். என் கையெழுத்துதான் அவரை வெளியே கொண்டுவந்தது என்று பெரியப்பா எல்லாரிடமும் சொல்கிறாராம். சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அன்று ஒன்பது பேரை விட்டார்கள். மற்ற எட்டுப் பேருக்காக யாரும் அரிசி மென்று காட்டவில்லை. மனு பலித்தால் விடுவார்கள், விட்டார்கள், ஆகவே மனு பலித்தது என்றால், அது பழைய கதவுதான்.

அவர் வந்த மறுநாள் எங்கள் வாசலுக்கு வந்து உளியைக் கேட்டார். ஆறு மாதத்தில் துருப்பிடிக்காமல் அப்பா எண்ணெய் போட்டு வைத்திருந்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "என்னா புள்ள, பரீச்ச வருதாமே. நல்லாப் படி" என்றார். கையில் வாங்கி, விரலால் கூர் பார்த்துவிட்டுப் போனார். தாளை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. முன்பென்றால் கண்டுபிடித்திருப்பேன்.

பொறியை அம்மா தூக்கி எறிந்துவிட்டார்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே கேட்பதில்லை. முன்பெல்லாம் உப்புக்கும் மிளகாய்க்கும் சத்தமாகச் சண்டை போடுவார்கள். இப்போது இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் கேட்கக்கூடாது என்று நினைத்தால் அப்படித்தான் பேசுவார்கள். அப்படித்தான் பேசுகிறார்கள்.

ஆனால் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் யாரும் மெதுவாகத்தான் பேசுவார்கள். அதுவும் ஒரு காரணம்தானே அக்கா? தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் சுவரோரம் உட்கார்ந்து குழந்தை அழுகிறதா என்று கேட்கிறேன். அழும்போது அவர்கள் சத்தமாகப் பேசினால் எனக்குத் தெரிந்துவிடும். அது மிகவும் சமத்தான குழந்தை. அழுவதே இல்லை.

உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

ஃப்ளோரா